தாம்பாளத்தைக் கீழே வைக்காமல் கல்வராயன் மலைக்கு

இதையெல்லாம் எழுத நீ யார் என்று கேட்டால் அது நியாயமான கேள்விதான். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். கடைசியாக நான் எழுதிய கட்டுரை பசுவைப் பற்றியது. அதற்கும் பாதி மதிப்பெண்தான் போட்டார்கள். ரத்த வங்கியில் இருக்கும் நர்சம்மா, சிறப்பு மலர் ஒன்று போடுகிறோம், அடிக்கடி ரத்தம் கொடுப்பவர்கள் ஆளுக்கு நாலு வரி எழுதிக் கொடுங்கள் என்றார். மாட்டேன் என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. எழுத உட்கார்ந்த பிறகு நாலு வரியில் எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை. அதிகப்பிரசங்கித்தனமாகப் பட்டால் படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வேண்டாததை நர்சம்மா அடித்துவிடலாம்.

நான் தியாகதுருகத்தில் மாவு மில் வைத்திருக்கிறேன். ரத்தம் கொடுக்க ஆரம்பித்ததும் இந்தக் கூச்சத்தால்தான். பல வருடங்களுக்கு முன்பு கண்ணைக் காட்டலாம் என்று கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குப் போனவன், வரிசை மாறி நின்றுவிட்டேன். என் முறை வந்ததும் "படுங்க" என்றார்கள். கண்ணைப் பார்க்க எதற்குப் படுக்க வேண்டும் என்று கேட்க வாய் வரவில்லை. படுத்தேன். ஊசியைப் பார்த்ததும் பாதி உயிர் போய்விட்டது. எதிர்ச் சுவரில் ஒரு காலண்டர் தொங்கியது. ஊசி இருந்த பக்கம் திரும்பாமல் ராகுகாலம், எமகண்டம், சூலம் எல்லாவற்றையும் வரி விடாமல் படித்தேன். படித்து முடிப்பதற்குள் வேலை முடிந்துவிட்டது. என்னுடையது சுலபத்தில் கிடைக்காத வகை என்று பெயரை எழுதிக்கொண்டார்கள். அன்றிலிருந்து கூப்பிடும்போதெல்லாம் போகிறேன், காலண்டர் படிக்கிறேன், திரும்பி வருகிறேன். ஊசியைக் கண்டால் எனக்கு மயக்கம் வரும் என்பது என் மனைவி சரோஜாவுக்குக்கூடத் தெரியாது. ஊரில் எனக்குத் தைரியசாலி என்று பெயர்.

போன ஆனி மாதம் ஒருவர் தோளில் பலாப்பழத்தோடு மில் வாசலில் வந்து நின்றார். பலாப்பழம் அரைப்பதில்லை என்று சொல்லப் போனேன். அவர் பழத்தை இறக்கி வைத்துவிட்டுக் கும்பிட்டார்.

"என்னத் தெரியலிங்களா? அஞ்சு வருசத்துக்கு முன்ன ஆஸ்பத்திரி வராண்டால அழுதுக்கினு நின்னேனே. நீங்க கையில பஞ்ச அமுக்கிக்கினு வெளிய வந்தீங்க."

நினைவு வந்தது. பெயர் வெள்ளையன். கல்வராயன் மலைக்காரர். அவர் மனைவி பொன்னிக்குப் பிரசவம் ஆகி ரத்தப்போக்கு நிற்காமல் கிடந்த நாள் அது. என் கையைப் பிடித்துக்கொண்டு எந்த ஊர் என்று கேட்டார். தியாகதுருகம், மாவு மில் என்று சொல்லிவிட்டு, அழுகிற ஆம்பளையிடம் என்ன பேசுவது என்று தெரியாமல் பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டேன்.

"அன்னிக்குப் பொறந்த பொண்ணுக்குக் காது குத்தணும். ரெண்டு தபா நாளு வெச்சி நின்னுபோச்சி. பொன்னிக்குக் கூடப் பொறந்தவன் இல்ல. மடி குடுக்க மாமன் இல்லாம எப்படிங்க குத்துறது? அப்பதான் அவ சொன்னா, எனுக்கு ரத்தம் குடுத்த அந்த மில்லுக்கார அண்ணன்தான் என் பொண்ணுக்குத் தாய்மாமன்னு. ஒத்தக் கால்ல நிக்கிறா."

நான் வீட்டுக்கு ஒரே பிள்ளை. அக்கா தங்கை கிடையாது. சொந்தத்தில் எத்தனையோ காதுகுத்துக்குப் போய்ப் பந்தியில் சாப்பிட்டிருக்கிறேன். என் மடியில் உட்கார்ந்து யாரும் காது குத்திக்கொண்டதில்லை. மடியில் குழந்தையை வைத்திருக்கும் தாய்மாமன்கள் ஊசி குத்தும்போது எங்கே பார்ப்பார்கள் என்ற கவலைதான் எனக்கு முதலில் வந்தது. அதைச் சொல்ல முடியுமா? தலையை ஆட்டினேன்.

சரோஜா பத்து நாள் ஓடி ஓடித் தயார் செய்தாள். பெரிய பித்தளைத் தாம்பாளம் ஒன்றில் பட்டுப்பாவாடை, வளையல், தேங்காய், பழம், வெற்றிலை பாக்கு, மஞ்சள், குங்குமம், பூ எல்லாம் அடுக்கினாள். தங்கத் தோட்டை என் சட்டைப்பையில் வைத்து ஊக்கு குத்தினாள். அந்த ஊக்கைக்கூட நான் பார்க்கவில்லை.

"நானும் வந்தா மில்லுக்கு யாரு? நீங்க போய்ட்டு வாங்க. ஒண்ணே ஒண்ணு. அவங்க வூட்டு ஆளு கையில வாங்குற வரைக்கும் தாம்பாளத்தத் தரையில வெக்காதீங்க. வரிசைத் தட்டு கீழ எறங்கக் கூடாது."

வெள்ளிக்கிழமை காலை கிளம்பினேன். கள்ளக்குறிச்சி வரை கஷ்டமில்லை. பேருந்து நிலையத்தில் இட்லி சாப்பிடலாம் என்று ஓட்டலுக்குள் போனேன். மேசைமேல் தாம்பாளத்தை வைக்கலாமா, அது தரைக் கணக்கில் வருமா என்று யோசித்து, வைக்காமலே ஒரு கையால் சாப்பிட்டேன். சாம்பார் ஊற்ற வந்தவர் தாம்பாளத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "சார், நேர்த்திக்கடனா?" என்றார். ஆமாம் என்றேன். விளக்கிச் சொல்வதற்கு அது சுலபமாக இருந்தது.

மலைக்குப் போகும் பஸ் கச்சிராயபாளையத்தில் பிதுங்கிவிட்டது. கரும்பு டிராக்டர் ஒன்று முன்னால் போனதால் கோமுகி அணை வரை நடக்கிற வேகம்தான். நான் இரண்டு கையாலும் தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு, பிடித்துக்கொள்ளக் கையில்லாமல், பஸ் போன பக்கமெல்லாம் சாய்ந்துகொண்டிருந்தேன்.

ரேஷன் அரிசிப் பையோடு உட்கார்ந்திருந்த ஒரு அம்மா கேட்டார். "இன்னா விசேசம்?"

"காதுகுத்து."

"நீ இன்னா மொற?"

"தாய்மாமன்" என்றேன். அந்தச் சொல்லை என்னைப் பற்றி நான் சொன்னது அதுதான் முதல் தடவை. தேவைக்கு மேல் சத்தமாக வந்துவிட்டது. கண்டக்டர் திரும்பிப் பார்த்துவிட்டு, சன்னலோரம் இருந்தவரை அதட்டினார்.

"யோவ், தாய்மாமன் நின்னுக்கினு வர்றாரு, நீ சன்னலோரம் குந்திக்கினு காத்து வாங்குற? எழுந்து வுடுய்யா எடத்த!"

இடம் கிடைத்தது. எங்கள் ஊர்ப் பக்கம் பஸ்ஸில் இடம் கிடைக்க வேண்டுமானால் சன்னல் வழியாகத் துண்டைப் போட வேண்டும். இங்கே ஒரு உறவுமுறை போதுமாக இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் காது குத்தும் ஆசாரி. நாளைக்கு எந்த ஊர், யார் வீடு என்று கேட்டுவிட்டுத் தொடையில் தட்டினார்.

"அட, நான்தாங்க குத்தப் போறேன்! ஊசியப் பாக்குறீங்களா? புதுசு. நம்ம கைக்கு வலியே தெரியாது." பையைத் திறந்தார். நான் அவசரமாகச் சன்னல் பக்கம் திரும்பினேன். மலைப்பாதை தொடங்கியிருந்தது. கீழே பார்த்தால் அணை ஒரு சின்னக் கிண்ணம் மாதிரி தெரிந்தது. எங்கள் ஊரிலும் மலை இருக்கிறது, ஆனால் அது பாறை. ஏறினால் இறங்கிவிடலாம். இது வளைவுக்கு வளைவு எழும்பிக்கொண்டே போனது. இந்தப் பக்கம் ஊசி, அந்தப் பக்கம் பள்ளம். கண்ணை மூடிக்கொண்டேன்.

"மாமனுக்குத் தூக்கம் வருது" என்றார் ஆசாரி.

ஏதோ ஒரு வளைவில் பஸ் முக்கி முனகி நின்றுவிட்டது. டிரைவர் எல்லோரையும் இறங்கச் சொன்னார். சிலர் சக்கரத்துக்குப் பின்னால் கல் வைத்தார்கள், மற்றவர்கள் அடுத்த வளைவு வரை நடக்க வேண்டியிருந்தது. தாம்பாளத்தோடு ஏற முடியாமல் நான் மூச்சு வாங்குவதைப் பார்த்து ரேஷன் அம்மா கை நீட்டினார்.

"குடு இப்படி. கீழதான வெக்கக் கூடாது? கை மாத்தலாம்."

அப்புறம் தாம்பாளம் என் கையில் இல்லை. முன்னால் போன கூட்டத்தில் தலைக்குத் தலை, கைக்குக் கை மாறிப் போனது. வரிசைத் தட்டை வெறுமனே கை மாற்றிவிடக் கூடாது என்று அந்த அம்மா சட்டம் போட்டார். ஆளாளுக்கு ஏதோ ஒன்றைத் தட்டில் வைத்தார்கள். வேண்டாம் என்று கத்த நினைத்தேன். என் குரல் என் முன்னால் நடந்தவருக்கே கேட்டிருக்காது. மேல் வளைவில் பஸ் வந்து ஏற்றிக்கொண்டபோது, தாம்பாளம் கொடுத்ததைவிடக் கனமாகத் திரும்பி வந்தது. மேலே யாரோ ஒரு துண்டைப் போட்டு மூடிக் கட்டியிருந்தார்கள். அவிழ்த்துப் பார்க்கக் கை ஒழியவில்லை.

வெள்ளிமலையில் வெள்ளையன் காத்திருந்தார். அங்கிருந்து கீழ்நெல்லிப்பட்டுக்கு ஒரு மணி நேரம் நடை. வீட்டு வாசலில் பொன்னி நின்றிருந்தாள். அதுவரை அவளுடைய முகத்தை நான் பார்த்ததே இல்லை. அவளும் என்னைப் பார்த்ததில்லை. "வா அண்ணா" என்று சொல்லிவிட்டுத் தாம்பாளத்தை வாங்கிக்கொண்டாள். எனக்கு இரண்டு கையும் மரத்துப் போயிருந்தன.

அதை வாங்கிப் பிரித்தவர் வெள்ளையனின் அக்கா. பெயர் சின்னப்பொண்ணு, ஆள் வாசலை அடைத்துக்கொண்டு நிற்பவர். ஊரே கேட்கும்படி ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தார்.

"பாவாட சரி. வளையலு சரி. தேங்கா நாலு. முருங்கக்கா ஒரு கட்டு. வெல்லம். சோப்பு. பீடி ஒரு கட்டு. இது இன்னா பாட்டிலு?" படிக்கத் தெரிந்த ஒருவரிடம் நீட்டினார்.

"மாட்டுக்கு வயித்தால போனா குடுக்குறதுங்க."

"ஏன் மில்லுக்காரரே, சீரு பொண்ணுக்கா, மாட்டுக்கா?"

ஊர் சிரித்தது. பஸ்ஸில் நடந்ததை விளக்க ஆரம்பித்தேன். பாதியில் எனக்கே நம்பும்படியாக இல்லாததால் நிறுத்திவிட்டேன்.

அந்த அம்மா விடவில்லை. "ரத்தம் குடுத்தவன்லாம் மாமனாயிட்டா ஆஸ்பத்திரில ஊருக்கே மாமன் கெடப்பான். தோ பாரு பொன்னி, நாளைக்கு இந்த மடியும் கலஞ்சிச்சின்னா வேற நாளு கெடையாது. என் வூட்டுக்காரரு மடியிலதான் குத்துவேன். உன் பொறந்த வூட்டுப் பக்கம் நாதி இல்லன்னு ஆயிரும், ஆமா."

அங்கே வழக்கம் அப்படி. இரண்டு காதும் குத்தி முடியும் வரை மாமன் குழந்தையின் தலையைப் பிடித்த பிடியை விடக் கூடாது. விட்டாலும், எழுந்தாலும் மடி கலைந்தது என்று நிறுத்திவிடுவார்கள். பொன்னி என்னைப் பார்த்தாள். என் அண்ணன் பார்த்துக்கொள்ளும் என்கிற பார்வை. ஊசி என்றால் எனக்கு ஆகாது என்று சொல்ல அதைவிட நல்ல சமயம் வாய்க்காது. நான் சொன்னது, "குடிக்கக் கொஞ்சம் தண்ணி."

சாயங்காலம் முழுக்க ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஒரு பெரியவர் விசாரித்தார். "ரத்தம் குடுத்ததுக்கு உனக்கு இன்னா குடுத்தாங்க?"

"ஒரு பிஸ்கட்டு, ஒரு காபி."

"ஒரு உசுருக்கு ஒரு பிஸ்கட்டா!" என்று அவர் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். கொடுத்த ரத்தம் ஊறவே இல்லை, அதனால்தான் ஆள் வெளுத்திருக்கிறார் என்று பேச்சு பரவியது. நான் வெளுத்திருந்தது மறுநாளை நினைத்து. ஆனாலும் ஊறவைக்க வேண்டும் என்று முடிவாகி, மூன்று வீட்டில் சோறு போட்டார்கள். முதல் வீட்டில் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும். இரண்டாவது வீட்டில் களியும் முருங்கைக் கீரையும். மூன்றாவது வீட்டில் நாட்டுக்கோழி, ஈரல் மட்டும் எனக்குத் தனியாக. போதும் என்ற சொல் எனக்கு எப்போதும் கொஞ்சம் தாமதமாகத்தான் வரும். சாமைச் சோற்றை மட்டும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். களி மாவு கொஞ்சம் கொரகொரப்பு. விரலில் தேய்த்துப் பார்த்துவிட்டேன், தொழில் புத்தி. அரைக்கிற கல்லைக் கொத்த வேண்டும் என்றேன். அந்த ஊரில் நான் தைரியமாகச் சொன்ன ஒரே வார்த்தை அதுதான்.

சனிக்கிழமை காலை ஊர்க் கோயிலுக்கு முன்னால் கூடினார்கள். மொட்டை அடித்துச் சந்தனம் பூசிய தலையோடு குழந்தை மல்லிகா என் மடியில் வந்து உட்கார்ந்தாள். ஐந்து வயசு. சந்தனம் பாதி என் சட்டையில். எதிரே ஆசாரி கால் மடித்து உட்கார்ந்து பையைத் திறந்தார். நான் காலண்டரைத் தேடினேன். கோயிலுக்குக் கதவே இல்லை, சுவருக்கு எங்கே போவது? வெட்டவெளி, மரம், மேகம்.

"மாமா, உன் காலு ஆடுது" என்றாள் மல்லிகா.

"ஆடலயே."

"ஆடுது. நான் மேல குந்திக்கினு இருக்கேன், எனுக்குத் தெரியாதா? பயமா?"

இத்தனை வருடம் யாரிடமும் சொல்லாததை அந்த மொட்டைத் தலைக்குப் பக்கத்தில் குனிந்து சொன்னேன். "ஆமாம். ஊசின்னா ரொம்ப பயம்."

அவளும் குரலைத் தாழ்த்தினாள். "எனுக்கும்தான். அத்தைகிட்ட சொல்லாத. நானும் உன்னுத சொல்ல மாட்டேன்."

ஒப்பந்தம் முடிந்தது. பார்க்காமல் இருப்பதுதான் வழி, எதையாவது படித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். தனக்குப் படிக்கத் தெரியாது என்றாள். நான் படிக்கிறேன், நீ கூடவே சொல் என்றேன். படிக்க ஏதாவது வேண்டுமே. தலைக்கு மேல் வெயிலுக்காக உரச் சாக்குகளைப் பிரித்துத் தைத்துப் பந்தல் மாதிரி கட்டியிருந்தார்கள். எழுத்து பெரியது. ஆசாரியின் கை கிட்டே வந்தது. நான் அண்ணாந்து தொடங்கினேன்.

"யூரியா."

"யூரியா" என்றாள் மல்லிகா.

"நிகர எடை ஐம்பது கிலோ."

"நிகர எட அம்பது கிலோ."

மலைக்குக் கீழே தாய்மாமன்கள் இப்படித்தான் மந்திரம் சொல்லுவார்கள் என்று நினைத்தார்களோ என்னவோ, முன்வரிசையில் இரண்டு பேர் கை கூப்பிக்கொண்டார்கள். அண்ணாந்து சொல்லுவதால் ஏதோ மேலே இருக்கிற சாமி என்று பட்டிருக்கும்.

"ஈரம் படாமல் வைக்கவும்."

"ஈரம்..." குழந்தை வீறிட்டாள். முதல் காது. என் கட்டை விரலை அவள் பிடித்த பிடியில் நகம் பதிந்தது. கண்ணோரத்தில் எனக்குச் சிவப்பாக ஏதோ தெரிந்தது. ஒரு துளிதான் இருக்கும். பந்தல் சுற்ற ஆரம்பித்தது. எழுத்தெல்லாம் வரி மாறி ஓடின. காதில் மில் பெல்ட் ஓடுகிற சத்தம்.

"மில்லுக்காரருக்குக் கண்ணு சொருகுது! வுட்டுடப் போறாரு!" இது சின்னப்பொண்ணு அம்மாவின் குரல்.

கையை மட்டும் விடக் கூடாது என்று எங்கேயோ தூரத்தில் தோன்றிக்கொண்டிருந்தது. வேறு எந்தப் புத்தியும் இல்லை. விசும்பலோடு மல்லிகாவின் குரல் வந்தது. "மாமா, மேல படி. மேல படி மாமா."

"கொக்கி," என்றேன். நாக்கு குழறியது. "கொக்கி உபயோகிக்காதீர்."

"கொக்கி உபயோகிக்காதீர்!" என்று அழுதுகொண்டே கத்தினாள். இரண்டாவது காதும் முடிந்தது. "ஆச்சு!" என்றார் ஆசாரி. யாரோ குழந்தையைத் தூக்கினார்கள். மடி காலியானது தெரிந்ததும் நான் அப்படியே பின்னால் சாய்ந்துவிட்டேன்.

கண் விழித்தபோது முகமெல்லாம் தண்ணீர். சின்னப்பொண்ணு அம்மா சொம்போடு குனிந்திருந்தார். பக்கத்தில் பொன்னி முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தாள். ஆசாரி எல்லோருக்கும் விளக்கிக்கொண்டிருந்தார். "நேத்து பஸ்ஸுலயே பாத்தேன். ஊசியக் காட்டுனதும் கண்ண மூடிக்கினாரு. தூக்கம்னு நெனச்சேன்."

"ஊசிக்கு பயந்தவரா நீ?" என்றார் சின்னப்பொண்ணு அம்மா. "அப்ப ரத்தம் எப்படிய்யா குடுத்த?"

"கண்ண மூடிக்கினு" என்றேன். காலண்டரைப் பற்றிச் சொல்லத் தெம்பு இல்லை.

பொன்னிதான் முதலில் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். "நானும் அன்னிக்குக் கண்ண மூடிக்கினுதான் கெடந்தேன், அண்ணி. அண்ணனும் தங்கச்சியும் ஒரே மாதிரி."

சின்னப்பொண்ணு அம்மா சொம்பைக் கீழே வைத்தார். பிறகு என்னைத் தோளில் பிடித்துத் தூக்கி உட்கார வைத்தார். அவர் பிடித்தால் எவனும் உட்கார்ந்துதான் ஆக வேண்டும்.

"கை வுடல, நான் பாத்துக்கினுதான் இருந்தேன். மடி கலையல" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். சமையல் நடந்த பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். "அடியே, மாமங்காரருக்கு மொத எலயப் போடுங்கடி! அந்த ஈரல யாரும் தொடாதீங்க!"

மல்லிகா புதுத் தோட்டோடு வந்து என் பக்கத்து இலையில் உட்கார்ந்தாள். சாப்பிட்டு முடிக்கும் வரை அவள் என் ரகசியத்தை யாரிடமும் சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரிந்த பிறகும் சொல்லவில்லை.

மறுநாள் காலை பஸ்ஸில் மலை இறங்கினேன். மாட்டு மருந்தைக் கண்டக்டரிடம் கொடுத்து, தேடி வருகிறவரிடம் சேர்த்துவிடச் சொன்னேன். பதினோரு மணிக்கு மில்லுக்குப் போய்ச் சரோஜாவை வீட்டுக்கு அனுப்பினேன். முதலில் வந்தது இரண்டு கிலோ மிளகாய்.